பிடிபி வேலிடேஷன் ரிப்போர்ட்: ஒரு ரிவ்யூவரின் விமர்சனம்

புரதப் படிக அமைப்பு, அதாவது படிகமாக்கிய புரதத்தில் எக்ஸ்ரே பாய்ச்சிக் கண்ட அணு மாடல், பற்றிய கட்டுரை ரிவ்யூவுக்கு வந்தால், கட்டுரையைப் பிறகுதான் படிப்பேன். முதலில் திறப்பது கூடவே வரும் வேலிடேஷன் ரிப்போர்ட்டை, அதாவது அந்த மாடலின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் அறிக்கையை. புரதத் தரவு வங்கி, அதாவது பிடிபி, 2013 முதல் இந்த வடிவில் தந்துவரும் சேவை இது. காசு கிடையாது. அமைப்பை டெபாசிட் செய்தால் தானாக வரும்; டெபாசிட் செய்யும் முன்பே பார்க்க நினைத்தால், தனி சர்வரில் கோப்பை ஏற்றி வாங்கிக்கொள்ளலாம். இந்த ரிப்போர்ட் இல்லாமல் கட்டுரையைத் தொடவே மாட்டோம் என்று சொல்லும் ஜர்னல்கள் இன்று நிறைய. இவ்வளவு பேர் நம்பியிருக்கும் ஒரு பிடிஎஃப்பை யாரும் உட்கார்ந்து விமர்சித்ததாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே ஐந்து பட்டைகள். ஆர்-ஃப்ரீ (மாடலுக்குக் காட்டாத தரவோடு மாடல் எவ்வளவு முரண்படுகிறது), கிளாஷ்ஸ்கோர் (அணுக்கள் எவ்வளவு இடித்துக்கொள்கின்றன), ராமச்சந்திரன் விலகல்கள் (முதுகெலும்புச் சங்கிலியின் திருப்பக் கோணங்களில்), பக்கச்சங்கிலி விலகல்கள், ஆர்எஸ்ஆர்ஸெட் விலகல்கள் (எலெக்ட்ரான் அடர்த்தியோடு பொருந்தாதவை). இடது கோடி சிவப்பு, வலது கோடி நீலம். நீலத்தில் நின்றால் நல்லது. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு குறிகள் இருக்கும். நிரப்பிய குறி, பிடிபியில் உள்ள எல்லா எக்ஸ்ரே அமைப்புகளோடும் ஒப்பிட்டது. வெற்றுக் குறி, ஏறக்குறைய இதே ரெசல்யூஷன், அதாவது தரவின் தெளிவு, உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிட்டது. ரெசல்யூஷனை ஆங்ஸ்ட்ராமில் சொல்வார்கள்; எண் சிறியதானால் தெளிவு அதிகம். 3 ஆங்ஸ்ட்ராம் அமைப்பை 1.5 ஆங்ஸ்ட்ராம் அமைப்போடு மோதவிடுவதில் நியாயமில்லை, ஆகவே நான் பார்ப்பது வெற்றுக் குறியை.

வடிவமைப்பு பிரமாதம், மறுக்கவில்லை. ஒரு நொடியில் புரிகிறது. தொந்தரவும் அங்கேதான். ஒரு நொடியில் புரிந்துவிட்டதால் அடுத்த பக்கத்துக்கு யாரும் போவதில்லை. என்னோடு ஒரே கட்டுரையைப் பார்த்த இன்னொரு ரிவ்யூவர், தரவு பற்றி எழுதியிருந்தது மொத்தமே ஒரு வரி: "வேலிடேஷன் ரிப்போர்ட் திருப்தியாக உள்ளது." ஐந்தும் நீலமாக இருந்தது உண்மைதான்.

இந்தப் பட்டைகள் காட்டுவது தரவரிசை. வருடாவருடம் ஒப்பீட்டுக் கணக்கைப் புதுப்பிக்கிறார்கள், அதனால் அமைப்பு மாறாமலே குறி நகரலாம். அதைவிட முக்கியம், எதை எதற்குச் சாட்சியாக வைக்கிறோம் என்பது. ஆர்-ஃப்ரீயின் வலிமை எங்கிருந்து வந்தது? 1992-ல் ஆக்சல் புரூங்கர் சொன்ன யோசனை எளிமையானது: எக்ஸ்ரே பிரதிபலிப்புகளில் (படிகம் சிதறடித்த கதிர்களின் அளவீடுகளில்) 5 முதல் 10 சதவீதத்தை எடுத்துத் தனியே வை, ரிஃபைன்மென்ட்டின்போது, அதாவது தரவோடு பொருந்தும்படி மாடலைத் திருத்தும்போது, மாடலுக்கு அதைக் காட்டாதே, கடைசியில் அதை வைத்துச் சோதி. ராமச்சந்திரன் வரைபடமும் அதே வகைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-ல் கொடுத்த அந்தப் படம் அறுபது வருடம் கழித்தும் வேலிடேஷனில் நிற்கிறதென்றால், ஃபை, சை என்ற முதுகெலும்புச் சங்கிலிக் கோணங்களை ரிஃபைன்மென்ட் நேரடியாக இழுத்துப் பிடிக்காமல் விட்டதுதான் காரணம். இப்போது தெளிவு குறைந்த தரவு என்றால் அந்தக் கோணங்களுக்கே ரெஸ்ட்ரெயின்ட், அதாவது கட்டுப்பாடு, போட்டு ஓட்டுகிறார்கள். விலகல் பூஜ்யம், பட்டை கருநீலம். கட்டாயப்படுத்தி உட்கார வைத்ததற்கு ஒழுக்கச் சான்றிதழா? அந்த மாதிரி இடத்தில் விலகல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ராமா-ஸெட் மதிப்பைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பேன்; கோணங்களின் ஒட்டுமொத்தப் பரவல் இயல்பாக இருக்கிறதா என்று சொல்லும் எண் அது. அது 3-ஐத் தாண்டினால், கூட்டலோ கழித்தலோ, ஏதோ இடிக்கிறது.

சரி, உள்ளே போவோம். முழு ரிப்போர்ட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும், சுருக்க ரிப்போர்ட்டில் விலகல் பட்டியலில் மோசமான ஐந்து மட்டும் வரும். சங்கிலிவாரியாக வரும் வண்ணப் படம் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என வடிவக் குறைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒரு நிறம். எலெக்ட்ரான் அடர்த்தியோடு பொருந்தாதவற்றின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி. கட்டுரை புரதச் சங்கிலியின் எந்த லூப்பை (வளைவை) பற்றிக் கதை சொல்கிறதோ, அந்த லூப்பில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றால், மேற்கொண்டு நான் படிக்கும் விதமே மாறிவிடும்.

அடுத்து தரவுப் பட்டியல். இரண்டாவது பார்வை யாரும் கொடுக்காத பக்கம் இது. டெபாசிட் செய்தவர் சொன்ன ஆர் மதிப்பு (மாடலுக்கும் தரவுக்கும் உள்ள முரண்பாட்டின் அளவு) ஒரு பக்கம், பிடிபி மறுபடி கணக்கிட்டது இன்னொரு பக்கம். இரண்டும் கொஞ்சம் வித்தியாசப்படுவது சகஜம். 0.21 என்று சொன்னது 0.27 என்று வந்தால், பெரும்பாலும் தவறான கோப்பு ஏறியிருக்கும், அல்லது கடைசிச் சுற்றில் எதையோ மாற்றிவிட்டு சொல்லாமல் விட்டிருப்பார்கள். அதே பட்டியலில் ட்வின்னிங் சோதனையும் உண்டு; ஒரே படிகத்துக்குள் வேறு திசையில் திரும்பிய பகுதிகள் கலந்திருப்பதுதான் ட்வின்னிங். அந்தச் சோதனை தரும் எல் என்ற எண்ணின் சராசரி 0.5-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, 0.375-ஐ நோக்கிச் சரிந்தால், கட்டுரையில் ட்வின்னிங் என்ற சொல்லாவது இருக்கிறதா என்று தேடுவேன்.

இந்தச் சேவைக்கு நான் முழு மார்க் போடும் இடம் லிகண்ட், அதாவது புரதத்தோடு ஒட்டியிருக்கும் சிறு மூலக்கூறு, பற்றிய பகுதி. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2.6 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு, புரதத்தின் குழியில் ஒரு மருந்து மூலக்கூறு, கட்டுரையின் மொத்தப் பெருமையும் அதன் வால் பகுதி போடும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள்மேல். முதல் பக்கப் பட்டைகள் எல்லாம் நீலம். லிகண்ட் அட்டவணையில் ஆர்எஸ்சிசி, அதாவது அடர்த்தியோடு உள்ள பொருத்தம், 0.64; முழுப் பொருத்தம் என்றால் 1. அணுக்களின் இடம் எவ்வளவு நிச்சயமற்றது என்று காட்டும் பி-காரணி 118, சுற்றியுள்ள பக்கச்சங்கிலிகளுக்கோ 45 பக்கம். கீழே மூன்று கோணத்தில் அடர்த்திப் படம். அதில் எலெக்ட்ரான் அடர்த்தி இருக்கும் இடத்தைக் காட்டும் சாம்பல் நிற வலையை 0.7 ஆர்எம்எஸ்டி (அடர்த்தி மட்டத்தின் அலகு) அளவில் வரைகிறார்கள், வழக்கமாக நாம் பார்ப்பதைவிட ரொம்பவே தாராளமான அளவு. அவ்வளவு தாராளத்திலும் வலை வளையத்தை மட்டும் சுற்றியிருந்தது. வால் வெட்டவெளியில் நீட்டிக்கொண்டு நின்றது. போதாக்குறைக்கு அதன்மேல் ஊதா நிறத்தில் எதிர்மறை அடர்த்தி, "இங்கே அணு இல்லை, எடு" என்று தரவே சொல்கிறது. முப்பது அணு உள்ள லிகண்ட், ஆயிரக்கணக்கான அணு உள்ள புரதத்தின் பட்டைகளை எப்படி அசைக்கும்? அசைக்காது. அதனால்தான் முதல் பக்கத்தோடு நிற்கக் கூடாது என்கிறேன். லிகண்டை எடுத்துவிட்டுக் கணக்கிட்ட அடர்த்திப் படமான ஓமிட் மேப் கேட்டேன். அடுத்த சுற்றில் வாலும் இல்லை, அந்த இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும் இல்லை, கட்டுரையின் தலைப்பும் அடக்கமாகியிருந்தது.

இனி குறை. நேர்மையாகச் செய்த வேலையில் உள்ள பிழைகளைப் பிடிக்கக் கட்டிய கருவி இது. மாடலும் தரவும் ஒத்துப்போகிறதா என்று கேட்கும். மாடலிலிருந்தே தரவைத் தயாரித்திருந்தால் ஒத்துப்போகத்தானே செய்யும்? 2006-ல் நேச்சர் இதழில் வந்த சி3பி என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் அமைப்பு, பிடிபியில் அதன் குறியீடு 2எச்ஆர்0, எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்த வருடமே அதே இதழில் நான்கு படிகவியலாளர்கள் எழுப்பிய கேள்விகள் இரண்டு வகை. படிகத்தில் பாதியளவு நிறைந்திருக்க வேண்டிய நீரின் சுவடு பிரதிபலிப்புகளில் எங்கே? ஒரு திசையில் அடுக்குகள் ஒன்றையொன்று தொடவே இல்லையே, அப்புறம் படிகம் எப்படி நின்றது? 2009-ல் அந்த அமைப்பை வெளியிட்ட குழுவின் பல்கலைக்கழகமே விசாரித்து, அதையும் சேர்த்துப் பல அமைப்புகள் புனையப்பட்டவை என்றது. பிடிபட்டதற்கு ஒரே காரணம், ஸ்ட்ரக்சர் ஃபேக்டர் கோப்பு, அதாவது பிரதிபலிப்புத் தரவு, பொதுவில் கிடந்தது. யாரோ எடுத்துப் பார்த்தார்கள். 2008 பிப்ரவரியில்தான் அந்தக் கோப்பைக் கொடுப்பது கட்டாயமானது. அது வரை கொடுத்தால் கொடுக்கலாம்.

ரிவ்யூவர் கையில் என்ன இருக்கிறது? ஒரு பிடிஎஃப். விடைத்தாளைக் காட்டாமல் மதிப்பெண் பட்டியலை மட்டும் கொடுத்து மறுமதிப்பீடு செய்யச் சொல்வது மாதிரி. ஆயத்தொலைவுக் கோப்பும் (அணுக்களின் இடங்கள்) அடர்த்தி மேப்பும் பிடிபியிடம் பூட்டி இருக்கும், கட்டுரை வெளியாகும் வரை ரிவ்யூவருக்கு அங்கிருந்து கிடைக்காது. வெளியான மறுநாள் உலகமே கூட் என்ற மென்பொருளில் திறந்து பார்க்கலாம், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க வேண்டியவருக்கு மட்டும் இல்லை. படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த மூலப் படங்களான டிஃப்ராக்ஷன் படங்கள் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிடிபி அவற்றைச் சேமிப்பதில்லை, தனிக் களஞ்சியங்களில் போடுவது அவரவர் விருப்பம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ரிவ்யூவருக்கென்று பெயர் காட்டாத, குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும் ஒரு லிங்க்கை, கோப்புகளோடு, டெபாசிட் பக்கத்திலேயே உருவாக்கித் தந்தால் மீதி ஒன்றும் போடலாம். அது வரை எடிட்டர் மூலம் நான் இரண்டே கோப்பு கேட்கிறேன்: மாடல், பிரதிபலிப்புத் தரவு உள்ள எம்டிஇசட். பாதிப் பேர் ஓரிரு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். "கட்டுரை வெளியானதும் பிடிபியில் கிடைக்கும்" என்று பதில் எழுதுகிறவர்களுக்கு, கட்டமைப்புப் பகுதியை என்னால் மதிப்பிட முடியவில்லை என்று அறிக்கையில் அப்படியே எழுதி எடிட்டருக்கு அனுப்பிவிடுகிறேன்.