கல்லுப்பா, நீல மருந்தா? வெண்புள்ளி வந்த கோல்ட்ஃபிஷுக்கு எதைப் போடுவது

போன மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒரண்டா கோல்ட்ஃபிஷ் மேல ரவை தூவின மாதிரி இருக்கு. கடையில நீல மருந்து குடுத்தாங்க. ஊத்திடவா?"

மூடியைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு அடுத்த அரை மணி நேரம் அவனிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கல்லுப்பு, நீல மருந்து (மெத்திலீன் ப்ளூ) இரண்டையும் செய்து பார்த்தவன் நான். நீல மருந்து போட்டபோது ஒரு மீனை இழந்தேன். அதனால் என் சாய்வு கல்லுப்புப் பக்கம்தான். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புள்ளி எங்கே இருக்கிறது? செவுள் மூடியிலும் முன்பக்கத் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் பொட்டு இருந்தால் அது நோயே இல்லை. ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். வால், முதுகு, வயிறு என்று கண்ட இடத்தில் ரவை அளவில் புள்ளி இருந்து, மீன் கூழாங்கல்லில் உடம்பைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போனால்தான் வெண்புள்ளி. செதில் எல்லாம் தூக்கிக்கொண்டு மீன் அன்னாசிப் பழம் மாதிரி ஆகிவிட்டால் அது வேறு கதை. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

சிலர் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கி உடைத்துப் போடுவார்கள். வெண்புள்ளியை உண்டாக்குவது ஒட்டுண்ணி, பாக்டீரியா இல்லை. கேப்ஸ்யூல் அதைத் தொடக்கூட முடியாது. அந்த வழியை இதோடு விட்டுவிடலாம்.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் எந்த வைத்தியமும் புரியும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் உயிரி. அங்கே இருக்கும்வரை உப்பும் தொடாது, தண்ணீரில் கலக்கும் நீல மருந்தும் தொடாது. தின்று முடித்ததும் உதிர்ந்து கீழே போகும், கூழாங்கல்லில் ஒட்டி ஒரு கூடு கட்டும், உள்ளேயே நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். குட்டிகள் கூட்டை உடைத்துக்கொண்டு மீனைத் தேடி நீந்தும்போதுதான் நம்மால் கொல்ல முடியும். இரண்டு மூன்று நாளில் மீன் கிடைக்காவிட்டால் அவை தாமாகவே செத்துவிடும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். தண்ணீர் குளிர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். சென்னையில் வெயில் காலத்தில் இந்த நோய் பெரிதாகத் தலைகாட்டாமல், மழை முடிந்து ராத்திரிக் குளிர் இறங்கும்போது வருவதற்கும் தண்ணீரின் சூடுதான் முக்கியக் காரணம். 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் அதனால் பெருக முடிவதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பு, மூன்றடித் தொட்டி, இரண்டு ஒரண்டா, ஒரு பிளாக் மூர் (கறுப்பு கோல்ட்ஃபிஷ்). சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய புது மீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேராகத் தொட்டியில் விட்டது என் தப்பு. பத்து நாளில் எல்லாவற்றுக்கும் புள்ளி. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கேட்டேன். "ஒரு மூடி ஊத்துங்க சார், மூணே நாள்ல போயிடும்" என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார் கடைக்காரர். மெத்திலீன் ப்ளூ என்று போட்டிருந்தது. எத்தனை சதவீதக் கரைசல் என்று எங்கேயும் இல்லை.

உண்மையைச் சொன்னால் ஐந்தாம் நாள் புள்ளி போய்விட்டது. ஆறாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நோய் செவுளுக்குள் போய்விட்டது என்று நினைத்து இன்னொரு மூடி ஊற்றினேன். எட்டாம் நாள் காலையில் பெரிய ஒரண்டா ஃபில்டர் குழாயில் சாய்ந்தபடி செத்துக் கிடந்தது.

அன்றைக்குத்தான் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கினேன். கிட்டில் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை, பச்சையாக மாற மாற அம்மோனியா அதிகம். ஆனால் தொட்டித் தண்ணீரே நீலம். நீலத்தில் மஞ்சள் சொட்டுப் போட்டால் என்ன ஆகும்? பச்சைதான் வரும், அம்மோனியா இருந்தாலும் இல்லாவிட்டாலும். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழித்தேன். பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு ராத்திரி முழுக்க ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு நீலத்தை உறிஞ்சவிட்டு, மறுநாள் திரும்பச் சோதித்தேன். பாதித் தண்ணீரை மாற்றிய பிறகும் அம்மோனியா 2 பிபிஎம்முக்கும் (லிட்டருக்கு மில்லிகிராம்) 4 பிபிஎம்முக்கும் நடுவில் நின்றது. இருக்கவேண்டியது பூஜ்யம்.

இரண்டு வைத்தியத்தையும் பிரிப்பது என்னைப் பொறுத்தவரை இந்த ஃபில்டர் விஷயம் ஒன்றுதான். விலை, வேகம், வசதி எல்லாம் அப்புறம். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. கோல்ட்ஃபிஷ் வேறு பயங்கரத் தீனிக்காரன், கழிவும் அதற்கேற்ற மாதிரி. அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கின்றன. ஒரு புதுத் தொட்டியில் அவை முழுதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மெத்திலீன் ப்ளூ ஒட்டுண்ணிக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஓரிரு நாளில் ஸ்பாஞ்ச் வெறும் ஸ்பாஞ்சாகிவிடும். மோட்டார் ஓடும், குமிழி வரும், பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும்.

அதிலும் நம் ஊர் போர் தண்ணீருக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. பிஎச் 8, சூடு 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் மொத்த அம்மோனியாவில் 6 சதவீதத்துக்கு மேல் நச்சு வடிவத்தில் இருக்கும். அதே சூட்டில் பிஎச் 7 என்றால் 1 சதவீதம்கூட வராது. கிட் காட்டும் எண் ஒன்றேதான், விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒட்டுண்ணி ஏற்கெனவே செவுளைக் கடித்துப் புண்ணாக்கியிருக்கும் நேரத்தில் இதுவும் சேர்ந்தால் மீன் தாங்காது. என் ஒரண்டா வெண்புள்ளியில் சாகவில்லை, நான் கொன்ற ஃபில்டரால் செத்தது. தண்ணீர் நீலமாக இருந்ததால் செவுள் சிவந்ததையும் என்னால் பார்க்க முடியவில்லை, சோதிக்கவும் முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து வெண்புள்ளி திரும்ப வந்தபோது கல்லுப்பு. ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தராசில் நிறுத்தபோது அம்மா, "ஊறுகாய் போடப் போறியா?" என்று கேட்டார்.

கணக்கு இப்படி. என் தொட்டி மூன்றடிக்கு ஓரடிக்கு ஒன்றேகாலடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 106 லிட்டர் வரும். கூழாங்கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் நிஜத் தண்ணீர் 80 லிட்டர்தான். பலரும் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள். லிட்டருக்கு 3 கிராம் வீதம் 240 கிராம் உப்பு. ஒரே தடவையில் கொட்டாமல் 80 கிராமாக மூன்று தடவை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து ஊற்றினேன். மெதுவாக ஏற்றினால் ஃபில்டர் பாக்டீரியா இந்த அளவைத் தாங்கிக்கொள்கிறது. அந்த இரண்டு வாரமும் தினம் சோதித்தேன். ஒரு நாள் 0.25 காட்டியது, மற்ற நாளெல்லாம் மஞ்சள்தான்.

உப்பு ஆவியாகாது என்பதை மறக்கக் கூடாது. வற்றிய தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 20 லிட்டர் எடுத்து மாற்றினால் மட்டும் அந்த 20 லிட்டருக்கு 60 கிராம். சந்தேகம் வந்தால் ஆர்ஓ சர்வீஸ்காரர் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா போதும். லிட்டருக்கு 3 கிராம் உப்பு போட்டால் முன்பிருந்த எண்ணோடு ஏறக்குறைய 3000 கூடியிருக்கும். நீல மருந்தில் இப்படி அளந்து பார்க்க வழியே இல்லை. அயோடின் கலந்த உப்பு போடலாமா என்று ஒரு சண்டை எப்போதும் நடக்கும். இந்த அளவில் இருக்கும் அயோடின் மீனை ஒன்றும் செய்யாது. கல்லுப்பு நான் எடுப்பது, வேறு எதுவும் கலக்காமல் கிடைக்கிறது என்பதற்காக.

இன்னொன்று, ஃபில்டரில் அம்மோனியா உறிஞ்சும் ஜியோலைட் கல் இருந்தால் உப்பு போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அது பிடித்து வைத்த அம்மோனியாவைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.

சூட்டை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 28, 29 வரை ஏற்றினேன். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அதனால் ஏர் பம்ப்பை இரண்டாக்கினேன். தினமும் அடிக்கல்லை சைஃபன் போட்டு உறிஞ்சினேன், கூடுகளில் பாதி அதிலேயே போய்விடும். முதல் இரண்டு நாள் புள்ளி கூடியது. பதற வேண்டாம், முன்பே தோலுக்குள் போனவை வளர்ந்து இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. இங்கேதான் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், கூடு இன்னும் கல்லில் இருக்கும். நான் பதினான்கு நாள் வைத்திருந்துவிட்டு, உப்பில்லாத தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி இறக்கினேன்.

உப்புக்கும் குறை உண்டு. என் வேலம்பாசி கூழாகிவிட்டது. நத்தை இருந்தால் போய்விடும். செதில் இல்லாத மீன்கள் கூட இருந்தால் இந்த அளவு ஆபத்து. மாலகைட் பச்சை கலந்த மருந்து, வெண்புள்ளிக்கு உப்பையும் மெத்திலீன் ப்ளூவையும்விட வேகமாக வேலை செய்யும், ஃபில்டரையும் நீல மருந்து அளவுக்கு அடிக்காது. நான் அதை ஒரே ஒரு தடவை, தனித் தொட்டியில், ஒரு மீனுக்குப் போட்டிருக்கிறேன். பிழைத்தது. ஒரு மீனை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அளவு கொஞ்சம் தவறினாலும் மீனுக்கு விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாத பொருள், உணவு மீன் வளர்ப்பில் பல நாடுகள் தடை செய்தது. பெயர் மட்டும் இருந்து அளவு எழுதாத பாட்டிலில் அதை வாங்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வாரம் உப்பு வைத்தும் புள்ளி குறையவே இல்லை என்றால் மட்டும் அதை யோசிப்பேன், அதுவும் அளவு எழுதிய பாட்டில் கிடைத்தால்.

நீல மருந்துக்கும் ஒரு இடம் இருக்கிறது: வாளி. மீன்களை ஃபில்டர் இல்லாத பெரிய டப்பில் எடுத்து, ஏர் ஸ்டோன் மட்டும் போட்டு, தினம் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு மருந்து போட்டால் கெட்டுப்போக அங்கே ஃபில்டரே இல்லை. பெரிய தொட்டி இரண்டு வாரம் மீன் இல்லாமல் ஓடட்டும், மீன் கிடைக்காத குட்டிகள் செத்துவிடும். பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்க தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட வேண்டும். முட்டையில் பூஞ்சை வந்தாலும், நைட்ரைட் ஏறி மீனின் ரத்தம் பழுப்பாகிவிட்டாலும் நீலம்தான் என் முதல் தேர்வு. அதற்கும் வாளிதான்.

அக்கா மகன் கல்லுப்பு போட்டான். ஹீட்டர் வாங்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. கோயம்புத்தூர் மார்கழியில் அவன் தொட்டி 21 டிகிரி. புள்ளி மறைந்தது, பன்னிரண்டாம் நாள் திரும்ப வந்தது. அந்தச் சூட்டில் சுற்று அவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்கே முதலில் உறைக்கவில்லை, பதினான்கு நாள் என்று என் சென்னைக் கணக்கைச் சொல்லிவிட்டிருந்தேன். பிறகு 100 வாட் ஹீட்டர் வாங்கி 28-க்கு ஏற்றி, இன்னும் இரண்டு வாரம் வைத்தான். ஒரண்டாவின் வால் ஓரம் கொஞ்சம் கிழிந்ததோடு சரி.

போன வாரம் மறுபடி போன். "மாமா, அந்த நீல பாட்டில் திறக்காமலே இருக்கு. கடையில திருப்பிக் குடுத்துடவா?"

"வச்சுக்கோடா, கூட ஒரு பெரிய வாளியும் வாங்கி வை" என்றேன்.