பல்லாங்குழிப் பாடம்: இலவசத் தாள் போதுமா, காசு கொடுத்துக் கற்க வேண்டுமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடினால் மரத்திலோ பித்தளையிலோ ஒரு பல்லாங்குழிப் பலகை கிடைத்துவிடும். ஆட்டத்தை எப்படிக் கற்பது என்பதுதான் அடுத்த கேள்வி. அப்பத்தாவோ ஆயாவோ பட்டாலையில் உட்கார்ந்து சொல்லித்தரும் வீடுகளுக்கு இந்த அலசல் தேவையில்லை. மற்றவர்களுக்கு மூன்று வழி உண்டு: இலவச விதித்தாள் அல்லது காணொளி, பெட்டியோடு விலைக்கு வரும் சிறு புத்தகம், கட்டண வகுப்பு. விதியும் பயிற்சிக் கணக்கும் இலவசமாகவே இருக்க வேண்டும். ஆளின் நேரத்துக்குத்தான் காசு. இதுதான் எங்கள் கட்சி. ஆனால் இன்று கிடைக்கும் இலவசத் தாள்கள் பெரும்பாலும் அரைகுறை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவற்றில் வழக்கமாக இருப்பது இவ்வளவுதான். 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே எதிர்வரிசைக்குப் போங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளுங்கள். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழிக்கு நேர் எதிரே உள்ள குழியும் சேர்ந்து வருமா? இதைப் பல தாள்கள் சொல்வதே இல்லை. சின்ன விடுபடல்போலத் தெரியும். போட்டுப் பார்த்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. உங்கள் வரிசையை இடமிருந்து 1 முதல் 7 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்க்குழியைச் சேர்க்காத வீட்டில், முதல் ஆட்டத்தை எந்தக் குழியில் தொடங்கினாலும் 5 தடவை அள்ளி, 27 முத்து போட்டு, 7 முத்தோடு கை நிற்கும். எதைத் தொட்டாலும் வரவு அதே 7தான். எதிர்க்குழியையும் வழிக்கும் வீட்டிலோ 3ஆம் குழியில் தொடங்குபவருக்கு 7, பக்கத்திலேயே 4ஆம் குழியில் தொடங்குபவருக்கு 15. ஒரு குழி தள்ளித் தொடங்கியதில் இரண்டு மடங்குக்கும் மேல். குழிக்கு 6 முத்து வைத்தால் இன்னொரு கணக்கு: இரண்டே அள்ளலில் முதல் ஆட்டம் முடிந்துவிடும். குழிக்கு 12 வரை வைத்து ஆடும் வழக்கமும் உண்டு. ஆகவே எந்த வழக்கம் என்று தலைப்பிலேயே எழுதாத தாள், இலவசமாக வந்தாலும் சண்டையைத்தான் கொண்டுவரும். ஒரு பிள்ளை ஒரு காணொளி, இன்னொரு பிள்ளை வேறு காணொளி பார்த்துவிட்டு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் வாக்குவாதம்.

விலைக்கு வரும் புத்தகம் தேறுவது ஒரே இடத்தில், இரண்டாம் சுற்றில். முதல் சுற்று 41க்கு 29 என்று முடிந்ததாக வையுங்கள். வென்றவர் 7 குழியையும் நிரப்பி 6 முத்தைக் கையில் வைத்துக்கொள்வார். தோற்றவர் 5 குழிதான் நிரப்ப முடியும். கையில் 4 மிஞ்சும், 2 குழி அடைபடும். அடைபட்ட குழியில் யாரும் முத்து போடக் கூடாது. ஆட்டத்தின் சூடே இங்கிருந்துதான். பல இலவசத் தாள்கள் முதல் சுற்றோடு நின்றுவிடுகின்றன. நல்ல புத்தகம் இதைப் படத்தோடு காட்டும். அதன் குறை, ஒரு வீட்டு வழக்கத்தை ஊருக்கே பொதுவென்று அச்சடித்துவிடுவது. வாங்குமுன் பிரித்து, இரண்டாம் சுற்று இருக்கிறதா, 'பசு' (ஒரு குழியில் நான்கு முத்து சேர்வது) விளக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தக் காசில் புளியங்கொட்டையும் நோட்டும் வாங்கலாம். முத்துக்குக் குன்றிமணி மட்டும் வேண்டாம், அதன் விதை நஞ்சு. சின்னப் பிள்ளை வாயில் போட்டுக் கடித்தால் ஆபத்து.

வகுப்பைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும். புதியவரின் பிழைகளைத் தாளாலும் காணொளியாலும் பிடிக்க முடியாது. ஒரே குழியில் இரண்டு முத்து நழுவும். அள்ளிய குழியிலேயே முதல் முத்தைப் போடுவார்கள். குழியில் நான்கு சேர்ந்து பசுவாகும்போது அந்தக் குழிக்குரியவர் உடனே எடுக்காவிட்டால், ஐந்தாவது முத்து விழுந்து பசு போய்விடும். எதிராளி அள்ளிப் போடும் வேகத்தில் தன் பக்கத்துப் பசுவைக் கவனிக்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் இழப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்ப்பவர்தான் இதைத் திருத்த முடியும். கானாடுகாத்தான் பக்கம் விடுதியில் தங்குபவர்களுக்கு வகுப்பு எடுப்பதானால், விதி சொல்லக் கட்டணம் வாங்காதீர்கள். விதியை முதல் நாளே தாளாகக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரமும் ஆடவைத்துத் திருத்துங்கள். சொல்லித்தருபவர் ஊர் ஆச்சி என்றால் கட்டணம் அவர் கைக்கே போகட்டும்.

'எல்லாம் இலவசமென்றால் தொகுப்பவர் பிழைப்பது எப்படி?' நியாயமான கேள்வி. சதுரங்கத்துக்கு உலகக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் முழுவதும் இணையத்தில் இலவசம். சதுரங்கம் ஆடும் லிச்செஸ் இணையதளம் விளம்பரமே இல்லாமல் நன்கொடையில் ஓடுகிறது. ஆனால் அங்கே விதி ஒன்று. இங்கே வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு எழுத ஆள் வேண்டும், அந்த அலைச்சலுக்குக் கூலி வேண்டும். அதை முன்பணமாக ஊர்ச் சங்கமோ பள்ளியோ கொடுத்து, தொகுத்ததைப் பொதுவில் வைப்பதே சரி. ஆட்டவிதி யாருக்கும் தனிச்சொத்தல்ல. பதிப்புரிமை, விளக்கிய எழுத்துக்கும் படத்துக்கும்தான். யாரும் நகலெடுக்கலாம் என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதாவிட்டால், அடுத்த ஊர் ஆசிரியர் அதைத் தொடத் தயங்குவார்.

தாள் தயாரிப்பவர்கள் மேலே நான்கு வரி விடுங்கள்: குழிக்கு எத்தனை முத்து, எதிர்க்குழி சேருமா, பசு யாருக்கு, குழி அடைபட்டால் என்ன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர்ப் பெயரைப் பென்சிலால் எழுத இடம் இருக்கட்டும்.