கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஆளுயர ஸ்பீக்கர் சரிவருமா?

ஸ்பீக்கரை இயக்கும் அம்ப் வாங்கியாகிவிட்டது, இனி ஸ்பீக்கர். தரையில் நிற்கும் பெரிய பெட்டிகளா, ஸ்டாண்டில் வைக்கும் சின்னப் பெட்டிகளோடு, பேஸை (தாழ்ந்த ஒலியை) மட்டும் தரும் ஒரு சப்வூஃபரா? விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மனம் பெரியதன் பக்கம்தான் சாயும். நான் அறையின் நீள அகலத்தைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்லமாட்டேன்.

வெளிநாட்டு விமர்சனங்களை மட்டும் நம்பி வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். தாழ்ந்த பேஸுக்கு அந்தச் சுவரே அதிர்ந்து கொஞ்சச் சக்தியை வாங்கிக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் வெளியே கசியும். நம் தொடர்மாடிகளில் சுவர் கல், மேலே கொங்கிறீற், கீழே டைல்ஸ். பேஸ் போன வேகத்தில் திரும்பி வரும். அங்கே அளவாக ஒலித்த பெட்டி இங்கே குமுறும்.

10 அடிக்கு 12 அடி, 9 அடி உயரமுள்ள ஓர் அறையை எடுப்போம். நம் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். இதை எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறை தானாக முழங்கத் தொடங்கும் அலைவெண் வரும்: 12 அடிக்கு 48 ஹேர்ட்ஸ், 10 அடிக்கு 57, உயரத்துக்கு 64. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸ் என்பதால் அதன் கீழ்ச் சுரங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் விழுகின்றன. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி மெட்டே போட்டுக்கொண்டு போகும். அந்த மெட்டில் ஒரு சுரம் பூதமாக வீங்கி, அடுத்தது காணாமல் போனால் பாட்டே கெட்டுவிடும். சதுர அறை என்றால் இன்னும் மோசம், இரண்டு முழக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். தடித்த கம்பளமும் திரைச்சீலையும் மேல்சுரங்களின் கூச்சலை அடக்குமே தவிர 50 ஹேர்ட்ஸுக்கு ஒன்றும் செய்யாது.

இந்த அறையில் சின்னப் பெட்டியும் சப்வூஃபரும்தான் என் தெரிவு. பாடகரின் குரல் நடுவில் நிற்க ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடம் வேறு, பேஸ் சீராக வர வேண்டிய இடம் வேறு. பெரிய பெட்டியில் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சப்வூஃபரைத் தனியாக நகர்த்தலாம். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. நீங்கள் உட்காரும் கதிரையில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த பாட்டொன்றைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ, அங்கே அதை வையுங்கள். கதிரையை மட்டும் அறையின் நட்டநடுவில் போடாதீர்கள், 48 ஹேர்ட்ஸ் அங்கே மறைந்துவிடும். பின்சுவரோடு ஒட்டினால் அதுவே வீங்கும்.

காற்றுத் துளை இல்லாத மூடிய பெட்டி இன்னும் பொருத்தம். அதன் பேஸ் ஓக்டேவுக்கு (அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபெல் என்று மெதுவாக இறங்கும், துளையுள்ளது 24 டெசிபெல் என்று சரியும். சிறிய மூடிய அறை அடிமட்ட பேஸைத் தானே தூக்கிவிடுவதால் மெதுவான இறக்கம் அதோடு இசைந்து போகும். பெரிய பெட்டிகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் துளையை ஸ்பொஞ்சால் அடைத்துப் பாருங்கள், குமுறல் கணிசமாகக் குறையும்.

பெரிய பெட்டிக்கு இன்னொரு தேவையும் உண்டு. உள்ளே ஒலி எழுப்பும் மூன்று நான்கு யூனிட்களின் ஒலி ஒன்றாகச் சேர்ந்து காதுக்கு வர 8, 10 அடி தூரம் வேண்டும். 12 அடி அறையில் பெட்டியைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளிவைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 6, 7 அடிதான்.

ஹோலும் சாப்பாட்டு இடமும் சேர்ந்த 12க்கு 24 அடி நீள அறையில் கதை மாறுகிறது. தூரம் கிடைக்கிறது, பல்கனிக் கதவு வழியே பேஸ் வெளியேறவும் இடமுண்டு. தூரம் கூடக்கூடச் சின்னப் பெட்டி திணறும். ஒரே சக்தியில் பெரியது 90 டெசிபெலும் சின்னது 85 டெசிபெலும் தந்தால், அதே சத்தத்துக்குச் சின்னது மூன்று மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். இங்கே பெரியதையே வாங்குங்கள், குறுகிய சுவரில் வைத்து நீளவாக்கில் பாடவிடுங்கள். அறை அந்த முதல் அலைவெண்ணின் இருமடங்கிலும் முழங்கும்; நீளம் அகலத்தின் சரியான இருமடங்கு என்பதால் 48 ஹேர்ட்ஸில் இரண்டு முழக்கம் மோதும். கதிரையை முன்பின் நகர்த்தித்தான் அதைச் சமாளிக்க வேண்டும். எல் வடிவ ஹோலில் ஒரு பக்கம் சுவர் இருந்து மறுபக்கம் திறந்திருக்கும், குரல் ஒரு பக்கம் இழுபடும். அங்கே இரண்டு பக்கமும் சமமாகச் சுவருள்ள முனையைத் தேடுங்கள்.

உயரமான கூரையுள்ள பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்றாவது தெரிவும் இருக்கிறது. 1946இல் வந்த கிளிப்ஷ்ஹோர்ன் போன்ற, மூலையில் வைக்கும் குழல்வடிவ ஹோர்ன் ஸ்பீக்கர்கள் அறையின் சுவர்களையே தம் குழலின் நீட்சியாக்கிக்கொள்ளும். மூலையை ஒட்டிக் கதவோ யன்னலோ இருந்தால் மட்டும் அதை மறந்துவிடுங்கள்.

பழைய பெரிய பெட்டி வாங்கப் போகிறவர்கள் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. ஸ்பொஞ்ச் விளிம்பு நம் ஈரப்பதத்தில் உதிர்ந்துவிடும், ரப்பர் நிற்கும்.

அப்புறம் கீழ்வீட்டுக்காரர். கொங்கிறீற் பேஸைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பினாலும், தரையில் நிற்கும் பெட்டியின் அதிர்வைக் கீழே கடத்தும். இரவில் சப்வூஃபரை அணைத்துவிட்டுச் சின்னப் பெட்டிகளில் மட்டும் கேட்கலாம், பெரியதில் மொத்தச் சத்தத்தையும் குறைக்க வேண்டியிருக்கும்.