மறுபடி மறுபடி பார்த்தும் தீராத படங்கள்

நல்ல படம் வேறு, பிடித்த படம் வேறு. 1987-இல் வந்த நாயகன் தமிழின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கமலின் நடிப்பு, பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, தோட்டா தரணியின் கலை என்று மூன்றுக்கும் தேசிய விருது வாங்கிய படம். யார் கேட்டாலும் பார்க்கச் சொல்வேன். ஆனால் வேலையெல்லாம் முடிந்து, எதையாவது போட்டுப் பார்ப்போம் என்று உட்காரும்போது என் கை அந்தப் பக்கம் போவதில்லை. எந்தப் படங்களின் பக்கம் போகிறதோ, அவற்றைப் பற்றி எழுதுகிறேன். எல்லாமே எனக்குப் பல வருடப் பழக்கம்.

ஒரு படத்தின் கதை முதல் தடவையிலேயே தீர்ந்துவிடும். யார் சாகிறார், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார், கடைசியில் என்ன ஆகிறது, எல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு படம் நம்மை உட்கார வைத்தால், அங்கே கதையைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஒரு மனிதர் நடந்துகொள்கிற விதம்தான். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் கண்ணில் படுகிறார்.

முள்ளும் மலரும் படத்தில் இது எனக்கு நன்றாகவே நடந்திருக்கிறது. 1978-இல் வந்த மகேந்திரனின் முதல் படம். உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு, தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டார். பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப் படமும் இதுவே. மின் நிலையத்தில் விஞ்ச் (இழுவை வண்டி) ஓட்டுகிற காளியாக ரஜினி, தங்கை வள்ளியாக ஷோபா, புதிதாக வரும் எஞ்சினீயராக சரத்பாபு.

சின்ன வயதில் பார்த்தபோது நான் முழுக்கக் காளி கட்சி. எஞ்சினீயர் எனக்கு எதிரி. அவர் கண்டிப்பாகப் பேசும் ஒவ்வொரு காட்சியிலும் கோபம் வரும். வேலைக்குப் போன பிறகு பார்த்தபோது அந்தக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் ஒரு இடத்தில்கூட அநியாயமாக நடந்துகொள்வதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விதியை மீறினால் நடவடிக்கை எடுக்கிறார், அவ்வளவுதான். அவரை வில்லனாக்கி, தங்கையை அவரிடமிருந்து காப்பாற்றும் அண்ணனாகக் காளியைக் காட்டியிருந்தால் படம் எப்போதோ மறந்து போயிருக்கும். காளியைத் தடுக்கிற சுவர் காளிக்குள்ளேயே இருக்கிறது. இதை மகேந்திரன் வசனமாக எழுதவில்லை, ரஜினியின் தோளிலும் நடையிலும் வைத்துவிட்டார்.

கொஞ்ச காலமாக நான் அதிகம் கவனிப்பது மங்காவை. ஃபடாஃபட் ஜெயலட்சுமி நடித்த பாத்திரம். சாப்பாட்டு ஆசையைப் பாட்டாகவே பாடுகிற வெகுளிப் பெண் என்று முதலில் லேசாகக் கடந்து போயிருந்தேன். ஆனால் காளியின் முரட்டுத்தனத்துக்கு நேராக நின்று, வள்ளியின் பக்கம் நியாயம் பேசுவது அவள்தான். கணவனை விட்டுக்கொடுக்காமல், அவன் சொல்வதற்குப் பணியாமல், இரண்டுக்கும் நடுவே ஒருத்தி எப்படி நிற்க முடியும் என்பதை அந்த நடிகை எவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார்! அவருக்கு இன்னும் நிறையப் பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன். வள்ளிக்கும் எஞ்சினீயருக்கும் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போகிறவர்களுக்கு எதிரே காளி தனியாக நிற்கிறான். எல்லோரும் தன்னை விட்டுப் போய்விட்டதாக அவன் சொல்ல, வள்ளி திரும்பி ஓடி வருகிறாள். அந்த ஒன்று போதும் அவனுக்கு. தங்கையை அவனே கொண்டுபோய் எஞ்சினீயரிடம் ஒப்படைக்கிறான், ஆனால் உங்களை இப்பவும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். திருந்தினான், கட்டிப்பிடித்தான், எல்லோரும் சிரித்தார்கள் என்று முடிக்காமல் ஒரு முரட்டு மனிதனின் முரட்டுத்தனத்தை அவனிடமே விட்டுவைத்தாரே, அதற்காகவே மகேந்திரனை எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் படங்களைத் துண்டு துண்டாக, செல்போனில் ஒரு நிமிடக் காட்சிகளாகப் பார்க்காதீர்கள். இரண்டு கை இரண்டு கால் போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்று காளி எஞ்சினீயரிடம் சொல்லும் புகழ்பெற்ற இடத்தைத் தனியாக வெட்டிப் பார்த்தால் அது ஒரு நாயகனின் பஞ்ச் வசனம். படத்தோடு பார்த்தால், ஏற்கெனவே ஒரு கையை இழந்துவிட்ட ஒருவன் தன் மானத்தை மட்டும் எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளத் தவிக்கிற இடம். ரஜினியின் குரலில் அந்தத் தவிப்பு இருக்கிறது. முன்னால் நடந்ததெல்லாம் தெரிந்தால்தான் அது காதில் விழும்.

அடுத்தது வீடு. 1988-இல் வந்தது. பாலு மகேந்திராவே எழுதி, ஒளிப்பதிவு செய்து, படத்தொகுப்பும் செய்து இயக்கியது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது, படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும். பாட்டே கிடையாது. இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தொகுப்பிலிருந்து இசையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், சுதா என்ற ஒரு சாதாரண ஆபீஸ் வேலைக்காரப் பெண் சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்கிறாள். மொத்தக் கதையும் இவ்வளவே.

இதை ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வைப்பது கஷ்டம். வீடு கட்டுவதில் என்ன சினிமா இருக்கிறது என்பார்கள். ஆனால் என்னைப் பொறுத்தவரை எந்தத் திகில் படத்திலும் இல்லாத பதற்றம் இதில் இருக்கிறது. பிளான் அப்ரூவல், லோன், காண்டிராக்டர், சிமெண்ட் என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண்ணின் முகம் படம் போகப் போக எப்படிக் களைத்துப் போகிறது என்று கவனியுங்கள். அர்ச்சனா அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. கணக்குப் போடுகிற கண்கள் அவருக்கு. யாராவது ஒரு தொகையைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கண்கள் ஒரு நொடி எங்கோ போய்த் திரும்பி வருகின்றன. இன்னும் எவ்வளவு தேறும், யாரிடம் கேட்கலாம் என்ற கணக்கு. பணத்துக்கு அல்லாடிய எவருக்கும் அந்தப் பார்வை தெரியும்.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரை எத்தனை முறை பார்த்தாலும் போதாது. பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்ந்த முதியவர். பாதி கட்டி நிற்கும் வீட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கிளம்பிப் போகிறார். பூச்சு வேலைகூட ஆகாத சுவர்களைத் தொட்டுத் தடவிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடக்கிறார். வசனம் இல்லை. அந்த விரல்கள் செங்கல்லில் நகர்கிற வேகத்தைப் பாருங்கள், அவசரமே இல்லை. அவ்வளவு பெரிய சந்தோஷத்தை இவ்வளவு சின்ன அசைவில் வைத்த காட்சி நான் பார்த்த வேறு படம் எதிலும் கிடையாது. அன்றைக்கே அவர் இறந்துபோகிறார் என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்த நடையை இன்னும் கொஞ்சம் நீட்டக்கூடாதா என்றிருக்கும்.

பிற்பாடு நான் கண்டெடுத்தது மங்கம்மாவை. பசி சத்யா நடித்த சித்தாள் பாத்திரம். காண்டிராக்டரின் திருட்டைத் திருட்டு என்று சொல்லும் தைரியம் அந்தப் படத்தில் அவளுக்குத்தான் இருக்கிறது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது, அன்றாடக் கூலியை இழப்பாள். அது தெரிந்துதான் பேசுகிறாள். படித்த, சம்பளம் வாங்குகிற சுதா பயந்து நிற்கும் இடத்தில் இவள் பயப்படாமல் நிற்பதை, எந்தப் பின்னணி இசையும் முட்டுக் கொடுக்காமல், சும்மா நடக்க விட்டிருக்கிறார் பாலு மகேந்திரா.

மகேந்திரனின் உதிரிப்பூக்களை (1979) அடிக்கடி பார்க்க முடிவதில்லை. பார்த்தால் அதிலிருந்து வெளியே வர ஓரிரு நாள் ஆகும். ஆனாலும் பட்டியலில் இல்லாமல் இருக்காது. புதுமைப்பித்தனின் சிற்றன்னையைத் தொட்டுக்கொண்டு எழுந்த கதை. சுந்தரவடிவேலுவாக விஜயன் கத்துவதே இல்லை. தணிந்த குரலில், நிதானமாக, ஒரு குடும்பத்தையே நாசம் செய்கிறான். முன்பெல்லாம் அவன்மேல் எனக்கிருந்தது வெறும் வெறுப்பு. இப்போது அவனைவிட, அவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டே இருந்த ஊர்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. ஆற்றங்கரையில் அவன் அந்த ஊர்க்காரர்களிடம், உங்களையெல்லாம் என்னைப் போலவே மாற்றிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிற பொருளில் பேசுகிறான். கெட்டவன் வாயிலிருந்து வருகிற உண்மைக்கு எவ்வளவு கனம்! அவன் மனைவியாக வரும் அஸ்வினி குழந்தைகளோடு இருக்கும் அழகிய கண்ணே பாட்டை, எஸ்.ஜானகியின் குரலுக்காக மட்டும் தனியே கேட்பவர்கள் நிறையப் பேர். படத்துக்குள் வைத்துக் கேட்டால் அந்தத் தாலாட்டின் அடியில் ஓடும் பயமும் கேட்கும்.

உடம்பு சரியில்லாத நாளில் என் படம் காதலிக்க நேரமில்லை. 1964, ஸ்ரீதர், ஈஸ்ட்மன் கலர், விஸ்வநாதன் - ராமமூர்த்தி. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பல வருடம் நாகேஷை மட்டும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பாலையாவை மட்டும் பார்ப்போம் என்று பார்த்தேன். காட்சி வேறு ஒன்றாகிவிட்டது. கதை சொல்பவன் எவ்வளவு திறமை காட்டினாலும், கேட்பவன் நம்பினால்தான் பயம் உண்டாகும். பாலையா நம்புகிறார். முகம், கழுத்து, உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாமே நம்புகின்றன. சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பே அவரிடம் இல்லை. 1936-இல் சதி லீலாவதியில் தொடங்கி, எத்தனையோ படங்களில் வில்லனாக மிரட்டிய மனிதர் அவர்.

அதே பாலையா நான்கு வருடம் கழித்து, தில்லானா மோகனாம்பாளில் தவில் வித்வான். கொத்தமங்கலம் சுப்புவின் நாவல், ஏ.பி.நாகராஜன் இயக்கம், கே.வி.மகாதேவன் இசை. மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்கு சிவாஜி மூச்சு பிடித்து விடும் அழகைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் நலந்தானா பாட்டில் என் கண் பாலையாவிடம்தான் போகும். காயத்தோடு வாசிக்கும் சிவாஜியின் முகத்தையும், ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கும் பத்மினியின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், கை தவிலை விடவில்லை. இருவருக்கும் நடுவே நடக்கும் பேச்சு அந்தச் சபையில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. அவருக்குப் புரிந்ததால் நமக்கும் புரிகிறது.

புதிய படங்களே பிடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்கும், ஆனால் பழகக் கொஞ்சம் காலம் வேண்டும். மணிகண்டனின் காக்கா முட்டை (2015) இப்போதே பட்டியலுக்குள் வந்துவிட்டது. பீட்சாவுக்கு ஆசைப்படும் இரண்டு பையன்கள், அவர்களுக்காகத் தோசையையே பீட்சாவாக்கப் பார்க்கும் ஆயா. ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து உச் கொட்ட வைக்காத படம், அது எனக்குப் பெரிய விஷயம். அந்தப் பையன்கள் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை, வேலை செய்கிறார்கள், காசு சேர்க்கிறார்கள்.

மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் (2018) இன்னும் பழக்கத்தில்தான் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது பரியன் வாங்கும் அடிகளைத் தாண்டி வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்து பார்த்தபோது பரியனின் அப்பா கண்ணில் பட்டார். பெண் வேடமிட்டு ஆடுகிற கூத்துக் கலைஞர். மகனின் கல்லூரிக்கு வந்து அவமானப்பட்டு ஓடும் அந்தக் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருப்பது கஷ்டம். பரியனோடு படிக்கும் ஜோவின் அப்பாவாக வரும் மாரிமுத்துவை இன்னும் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. நல்லவராகவும் இல்லாமல், மாறவும் துணியாமல், பேசிப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லி நிற்கிற மனிதர். அடுத்த தடவை அவரோடு உட்கார வேண்டும்.