சேவைகளை ஒருங்கிணைக்க ஒரு ஆள்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

என் மகனுக்குப் பேச்சு வரத் தாமதமானது. அப்போதிலிருந்து அவன் பள்ளிக்குப் போகும் இன்றுவரை, குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான சேவைகளை ஒருங்கிணைக்கும் ஓர் அமைப்பில் இருக்கிறோம். சேர்ந்த புதிதில் எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகப் போயிருக்கும். இப்போது எது கைகொடுத்தது, எது பேருக்கு இருந்தது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

முதலில் கொடுத்தது சேவை மையங்களின் தொலைபேசிப் பட்டியல். அதனால் பெரிய பயன் இல்லை. எங்கே போகலாம் என்பது எங்களுக்கே ஓரளவு தெரியும். எதற்கு முன்னால் எது என்பதுதான் தெரியாது. பேச்சுத் தாமதம் என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூடக் குழந்தைக்குச் சொற்கள் தெளிவாக விழாது. அந்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனால், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். இரண்டு இடத்திலும் காத்திருப்புப் பட்டியல் வேறு. எங்கள் ஒருங்கிணைப்பாளர் இரண்டிலும் ஒரே நேரத்தில் பெயரைப் பதிந்து, கேட்டல் பரிசோதனை முன்னால் வரும்படி தேதிகளைப் பேசி வாங்கினார். ஒரு குழந்தையின் ஆரம்ப வயதில் இப்படி மிச்சமாகும் மாதங்களுக்கு விலையே கிடையாது.

அடுத்தது, ஒரே திட்டம். அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டம் வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளின் குடும்பங்களுக்கு இதை எழுத்திலேயே கொண்டுவந்தது: குடும்பத்துக்கென ஒரு சேவைத் திட்டம், அதில் பொறுப்பாளரின் பெயர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வை. எங்கள் அமைப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடத்துகிறது. திட்டத்தின் பிரதி எங்கள் வீட்டிலும் இருக்கும். பிரசவத்திலிருந்து எல்லாக் கதையையும் ஒவ்வொரு மேசையிலும் திரும்பச் சொல்கிற வேதனை அதோடு நின்றது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுத அம்மாக்களுக்கு இதன் அருமை புரியும்.

எந்தத் தகவல் யாருக்குப் போகலாம் என்பதற்குத் தனித்தனியாக ஒப்புதல் வாங்குகிறார்கள். மொத்தமாக ஒரே கையெழுத்து கேட்கும் இடமாக இருந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். காது பரிசோதனை முடிவு பள்ளிக்குத் தெரிய வேண்டியதுதான். ஆனால் வீட்டுப் பணக் கஷ்டமோ கணவன் மனைவி பிரச்சினையோ அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை.

குறை என்றால், ஆள் மாறுவது. நடுவில் எங்கள் ஒருங்கிணைப்பாளர் வேலையை விட்டுப் போனார். புதியவர் வரும்வரை ஃபைல் அப்படியே கிடந்தது. வாங்கி வைத்திருந்த ஒரு தேதியும் தவறிப்போனது. ஒருவரிடம் இத்தனை குடும்பங்களைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். இதற்கு நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன், ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் சொல்வேன். பழையவரும் புதியவரும் குடும்பத்தோடு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பள்ளிக்கு மாறிய கட்டத்தைத்தான் இவர்கள் மிக நன்றாகச் செய்தார்கள். சேர்க்கைக்கு வெகு முன்பே பயிற்சியாளரையும் வகுப்பாசிரியரையும் பேசவைத்தார்கள். "பரிந்துரைக் கடிதம் போயிருச்சுன்னு நான் விடமாட்டேன், நீங்க உள்ளே போய் உட்கார்ந்தீங்களான்னு கேட்பேன்" என்று புதிய ஒருங்கிணைப்பாளர் சொன்னார். சொன்னபடி கேட்கவும் செய்தார்.

புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் சந்திப்பிலேயே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: உங்கள் பொறுப்பாளர் விடுப்பில் போனால் அடுத்து யார், மறுபார்வைக் கூட்டத்தை வேலை நேரத்துக்கு வெளியே வைப்பார்களா. இரண்டாவதை நாங்கள் எழுத்தில் கேட்டு வாங்கினோம். அதன் பிறகுதான் என் கணவரால் கூட்டங்களுக்கு வர முடிந்தது.