தேனுக்கும் கருப்பட்டிக்கும் ஏஐ எழுதிய விவரணை: மூன்று மாதப் பயன்பாட்டு மதிப்புரை

மார்த்தாண்டத்தில் நாங்கள் நடத்தும் கடை சிறியது. ரப்பர்த் தோட்டத் தேன், கருப்பட்டி, நல்லமிளகு, நேந்திரங்காய் சிப்ஸ் ஆகிய நான்கை மட்டுமே இணையச் சந்தையில் விற்கிறோம். பொருள்கள் நான்குதான் என்றாலும் எழுத்து வேலை நாற்பது பொருளுக்கு ஆனதுபோல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஐந்து குறிப்புகள், நீண்ட விவரணை, தேடுசொற்கள் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். எடையளவு மாறினால் மறுபடியும் எழுத வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்கும் என்று எண்ணி, மாதம் 799 ரூபாய் கட்டணத்தில் ஒரு செயற்கை நுண்ணறிவு எழுத்துச் சேவையில் சேர்ந்து மூன்று மாதம் பயன்படுத்தினேன். இதேபோன்ற சேவைகள் பல இருப்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருக்கக்கூடியவை என்பதாலும் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேகம் குறித்து எந்தக் குறையும் இல்லை. பொட்டலத்தின் லேபிளைப் படம் எடுத்து ஏற்றினால், அரை நிமிடத்தில் தலைப்பிலிருந்து தேடுசொற்கள் வரை எல்லாம் வந்து விழுகின்றன. ஆங்கிலம் பிழையற்றதாக இருக்கிறது. எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது என்பதால் இது பெரிய உதவி. கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்று ஒரே பொருளின் மூன்று அளவுகளுக்கும் விவரணையை மாற்றி எழுதித் தருவதிலும் அது சோர்வதில்லை.

சிக்கல், நாம் கொடுக்காததையும் அது எழுதுவதில் இருக்கிறது. தேனுக்காக முதல் நாள் அது தந்த விவரணையில், "ரப்பர் மலர்களின் மகரந்தத்திலிருந்து அடர்வனத் தேனீக்கள் சேகரித்த, ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் மிக்க தேன்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எங்களுக்குத் தேன் தருகிற மாமாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "மக்களே, ரப்பருக்குப் பூவிலயா தேன்? எலக் காம்புலயில்லா ஊறும்!" என்றார். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் தேன் பெட்டி வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த செய்திதான் இது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசியும். பெட்டித் தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன. அடர்வனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயிரம் ஆண்டுக் கதையும் அப்படித்தான். இந்தப் பகுதியில் பெட்டியில் தேனீ வளர்ப்பது பரவியதில், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உண்மை வரலாறே போதுமான அளவு சுவையாக இருக்கும்போது பொய்யான ஒன்றைச் சேர்த்தது ஏன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு வாக்கியம் தவறானால் திருத்திவிடலாம். ஆனால் அதே விவரணையில் இன்னும் நான்கு இடங்கள் நேரடியாக விதியில் போய் முட்டின. "100% தூய்மையான" என்று எழுதியிருந்தது. உணவுப் பொருளின் லேபிளிலும் விளம்பரத்திலும் "100%" என்ற சொல்லைத் தவிர்க்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது. "ஆர்கானிக்" என்ற சொல்லையும் சேர்த்திருந்தது, அதற்கு என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். என்ற இயற்கை வேளாண்மைச் சான்றிதழ்களில் ஒன்று வேண்டும், எங்களிடம் இரண்டும் இல்லை. "புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன்" என்று பெருமையாக முடித்திருந்தது. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உண்மைதான். ஆனால் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர்களே அந்தக் குறியீட்டைத் தங்கள் பொருளுக்குப் பயன்படுத்த முடியும். ஊர்ப்பெயர் கடையின் முகவரியில் இருக்கிறது என்பதற்காகக் குறியீடும் நமக்குச் சொந்தமாகிவிடாது.

நான்காவதுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. "பச்சிளங் குழந்தை முதல் முதியவர் வரை அனைவருக்கும் ஏற்றது" என்று குறிப்புகளில் ஒன்று சொன்னது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுப் பாதிப்பு வரக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்தக் குறிப்பை நான் கவனிக்காமல் பதிவேற்றியிருந்தால், நேர்வது எங்கள் விற்பனைப் பக்கம் நீக்கப்படுவதோடு நின்றிருக்குமா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கருப்பட்டியில் வேறு விதமாகப் பிசகியது. பனையிலிருந்து இறக்கும் அக்கானியை, அதாவது பதநீரைக், காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் பொருளைக் "கரும்புச் சாற்றிலிருந்து" என்று எழுதியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து என்று சொல்லாமல் விட்டதே என்று ஆறுதல் அடைந்தேன். இதை நான் திருத்திய பிறகு, "சர்க்கரை நோயாளிகளும் அச்சமின்றிச் சாப்பிடலாம்" என்ற வரி புதிதாக முளைத்தது. உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்பது போன்ற கூற்றுகளுக்கு 2018ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் ஒழுங்குமுறை கடுமையான கட்டுப்பாடு விதிக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. நாங்கள் ஒரு வருடம் கருப்பட்டி விற்றாலும் அந்தத் தொகையைப் பார்க்க மாட்டோம்.

இந்தச் சேவையில் "சந்தை விதிச் சோதனை" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நான் சேர்ந்ததே பெரும்பாலும் அதற்காகத்தான். தொலைபேசி எண், விலை, தள்ளுபடி, வேறு தளத்தின் முகவரி ஆகியவை எங்கே இருந்தாலும் அது தவறாமல் பிடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "நோயைக் குணமாக்கும்" என்று பொருள்படும் சொல்லை எழுதிப் பார்த்தேன்; சிவப்புக் கோடு போட்டது. அதையே தமிழில் "நெஞ்சுச் சளியை முறிக்கும், மூட்டு வலியைப் போக்கும்" என்று எழுதியபோது பச்சை அடையாளம் காட்டி, விதிக்கு உட்பட்டது என்று சான்று கொடுத்தது. தமிழ் விவரணைக்கு இந்தச் சோதனையை நம்பி இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பிலும் தேடுசொற்களிலும் இன்னொரு குழப்பம். அமேசான் 2025 ஜனவரி முதல், பெரும்பாலான பொருள்களின் தலைப்பை இடைவெளி உட்பட 200 எழுத்துக்குறிகளுக்குள் வைக்கச் சொல்கிறது; ஒரே சொல் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது என்றும் சொல்கிறது. நாங்கள் விற்கும் தளத்தின் விதியும் ஏறத்தாழ அதுவே. எங்களுக்கு வந்த முதல் தலைப்பில் "தேன்" என்ற சொல் ஐந்து முறை இருந்தது. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்னணியில் சேர்க்கும் தேடுசொற்களின் கணக்கு வேறு: அங்கே எழுத்துக்குறியை எண்ணாமல், கணினியில் அது பிடிக்கும் இடத்தின் அளவான பைட்டை எண்ணுகிறார்கள். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட்டு. புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறிகள். அதனால் நம் கண்ணுக்கு இரண்டே எழுத்தாகத் தெரியும் "தேன்" 12 பைட்டு எடுக்கிறது. "கருப்பட்டி" 30 பைட்டு எடுக்கிறது. சேவையோ ஆங்கிலக் கணக்கில் எண்ணி, இன்னும் இடம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்தது. தளம் மொத்தத் தேடுசொற்களையும் ஏற்காமல் விட்டது எனக்குத் தெரியவே இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது இரண்டு தமிழ்ச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஆங்கில எழுத்தில் வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்யும் விதத்திலேயே சேர்க்கிறேன்.

"வாடிக்கையாளர் கருத்து மாதிரிகள்" என்று ஒரு வசதியும் உண்டு. ஐந்து நட்சத்திரக் கருத்துகளை வெவ்வேறு நடையில் எழுதித் தரும். ஒன்றில் எழுத்துப் பிழைகூட வேண்டுமென்றே வைத்திருந்தது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு கருத்து எழுதுவதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. இணையக் கருத்துகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் 2022இல் வந்திருக்கிறது. இப்படி ஒரு பொத்தானைக் கட்டணச் சேவைக்குள் வைத்திருப்பதை அறியாமை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எனது மதிப்பெண்ணில் பாதி இங்கேயே குறைந்துவிட்டது.

விவரணையை ஏஐ எழுதியது என்று அறிவிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் தளம் பொருள் விவரணைக்கு அப்படிக் கேட்கவில்லை; அமேசானின் கிண்டில் மின்னூல் தளத்தில் புத்தகம் பதிப்பிப்பவர்களிடம் 2023 செப்டம்பர் முதல் கேட்கிறார்கள். ஆனால் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விவரணையில் உள்ள பொய்க்கு எழுதிக் கொடுத்த சேவை பதில் சொல்லாது; அதன் நிபந்தனைகளில் அப்படித்தான் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் விற்பவர்தான்: விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் அவர் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்பதும் அதே 2020 விதிகளில் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் நான் இந்தச் சேவையை முழுவதுமாக விட்டுவிடவில்லை. இரண்டாவது மாதத்தில் பயன்படுத்தும் முறையை மாற்றினேன். லேபிளில் உள்ளவற்றையும் மாமா சொன்னவற்றையும் நானே பதினைந்து வரிகளாகத் தமிழில் எழுதி, "இதில் இல்லாத எதையும் சேர்க்காதே; பெயரடைகள் வேண்டாம்" என்ற கட்டளையோடு கொடுக்கத் தொடங்கினேன். நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உரிம எண் ஆகியவற்றை அதற்குக் கொடுப்பதே இல்லை. தளத்தின் கட்டங்களில் நானே நிரப்புகிறேன், ஏனென்றால் ஒருமுறை அது உரிம எண்ணில் ஓர் இலக்கத்தை விழுங்கிவிட்டது. இந்த முறையில் வரும் ஆங்கிலம் பயன்படுத்தத் தக்கதாக இருக்கிறது. தமிழ் விவரணையை இப்போதும் நானே எழுதுகிறேன். "இயற்கையின் பொக்கிஷம் உங்கள் இல்லம் தேடி" என்ற வகை வாக்கியத்தை அதனிடமிருந்து விலக்குவதற்கு ஆகும் நேரத்தில் இரண்டு விவரணை எழுதிவிடலாம்.

விற்பனைக்கு மிகவும் உதவிய வரி எதுவோ, அது இந்தச் சேவையிடமிருந்து ஒருபோதும் வரவில்லை. ரப்பர்த் தேன் விரைவில் உறையும். உறைந்த பாட்டிலைப் பார்த்துச் சீனி கலந்துவிட்டீர்கள் என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சேவை எழுதிய விவரணையில் "எந்நாளும் உறையாத பொன்னிறத் தேன்" என்று இருந்தது. அதை நீக்கிவிட்டு, "இந்தத் தேன் சில வாரங்களில் உறையக்கூடும், பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் மீண்டும் இளகும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று முதல் குறிப்பாகவே எழுதினேன். அடுத்த மாதம் முதல் 199 ரூபாய்க்கான குறைந்த திட்டத்துக்கு மாறிக்கொள்கிறேன்; ஆங்கிலத்துக்கு அது போதும்.