பழைய பேரிங் முழுசாகக் கைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செகண்ட் ஹேண்ட் காடி வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். 2007-ஆம் ஆண்டு பெரோடுவா மைவி காடி ஒன்று. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினாலே ‘ஊம்ம்ம்’ என்று இரைச்சல். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும். டவுனில் உள்ள ஒரு பட்டறையில் காடியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், “முன்பக்கம் பேரிங் ரெண்டும் போச்சுண்ணே, ஹப்பும் தேஞ்சிருச்சு” என்றார்கள். (பேரிங் என்பது சக்கரம் உரசாமல் சுழலக் குண்டுகள் வைத்த வளையம், ஹப் என்பது அதில் மாட்டிச் சக்கரத்தைப் பிடிக்கும் நடுப்பகுதி.) பேரிங் 2-க்கு 360 வெள்ளி, ஹப் 2-க்கு 420, இடது ட்ரைவ்ஷாஃப்ட் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) 280, கூலி 200. மொத்தம் 1,260 வெள்ளி. மறுநாள் ஈப்போ சாலையில் ஏறினால் அதே ‘ஊம்ம்ம்’. திரும்பிப் போய்க் கேட்டால் கிடைத்த பதில்: “புது பேரிங்தானே, ஓட ஓடச் சரியாயிரும்.”

எந்தப் பேரிங்கும் ஓட ஓடச் சரியாவதில்லை. புதுசு என்றால் முதல் கிலோமீட்டரிலேயே சத்தமில்லாமல் ஓட வேண்டும்.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கியதில்தான் குட்டு வெளிப்பட்டது. பையில் இரண்டு பேரிங். ஒன்று துண்டு துண்டாக, கருத்த கிரீசோடு. இன்னொன்று முழுசாக, வளையம் கழறாமல், ஒரு கீறல்கூட இல்லாமல். இந்த மாதிரிக் காடிகளில் முன் பேரிங், நக்கல் என்னும் இரும்புக்கட்டைக்குள் இறுக்கி அழுத்தப்பட்டிருக்கும். (பெயர்தான் நக்கல், விலையில் நக்கல் கிடையாது.) ஹப்பை வெளியே தள்ளும்போது பேரிங்கின் உள்வளையத்தில் ஒரு பாதி பெரும்பாலும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் கிரைண்டரால் கீறி எடுக்க வேண்டும். அதனால் உண்மையாகவே கழற்றிய பேரிங் பெரும்பாலும் பிரிந்துதான் வரும், அடையாளமும் இருக்கும். பளபளவென்று முழுசாக வந்தது எங்கோ குப்பைப் பெட்டியில் கிடந்த வேறு சாமான்.

காடியைத் தூக்கிப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. நக்கலை வெளியே எடுக்க வேண்டுமானால் அப்சோர்பரை (சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் பாகம்) அதோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றியாக வேண்டும். இடது பக்கத்தில் அந்த போல்ட் தலைகளில் பழைய துருவும் செம்மண்ணும் அப்படியே படிந்திருந்தன, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ட்ரைவ்ஷாஃப்ட்டும் பழசுதான், ரப்பர் உறையில் வெடிப்பு அப்படியே இருந்தது. பில்லில் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) என்ற வரியே இல்லை. அந்த போல்ட்டுகளைக் கழற்றி மாட்டிய பிறகு அலைன்மெண்ட் பார்க்காமல் காடியை வெளியே விடும் போர்மேன் வேலை தெரியாதவர், அல்லது கழற்றவே கழற்றாதவர்.

சரி, சத்தம் எங்கிருந்து வந்தது? பின் டயர்களிலிருந்து. பின் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து வலுவிழந்திருந்தன. வலுவிழந்த அப்சோர்பர் சக்கரத்தைச் சாலையோடு அழுத்திப் பிடிக்காது, சக்கரம் குதித்துக் குதித்து ஓடும். டயரும் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேயும். தோட்டத்துச் சரளை ரோட்டில் ஓடும் காடிகளில் இது சர்வ சாதாரணம். பின்கதவு வைத்த சின்னக் காடியில் பின் சத்தம் கூரையில் முட்டி முன்னால் கேட்கும், காதை நம்ப முடியாது.

டயர் இரைச்சலும் பேரிங் இரைச்சலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிரித்துப் பார்க்கக் காசு வேண்டாம். கையால் டயரைத் தடவுங்கள், முதலில் சுற்றும் திசையில், பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் தட்டினாலோ, மேடு பள்ளம் விரலில் இடறினாலோ டயரைச் சந்தேகப்படுங்கள். அடுத்து, முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் அதே பக்கத்திலேயே மாற்றுங்கள். அதே சாலையில் 70-இல் ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினாலோ சுருதி மாறினாலோ டயர்தான். மாறவே இல்லையென்றால் பேரிங் பக்கம் போகலாம். புதுத் தார் பழைய தாரைத் தொடும் இடத்திலும் காது கொடுங்கள்: டயர் சத்தம் சட்டென்று மாறும், பேரிங் சத்தம் அவ்வளவாக மாறாது.

பேரிங் என்று தோன்றினால், காலியான நேரான சாலையில் 60, 70-இல் ஸ்டியரிங்கை மெல்ல வலம், இடம் அசைத்துப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். பிறகு ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இன்னொரு கையின் விரல்களை அப்சோர்பர் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். சக்கரத்துக்குள் விரல் சிக்காதபடி கவனம். கெட்ட பேரிங் என்றால் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்கவில்லையென்றால் நக்கலைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் என்னும் குண்டு மூட்டைப் பாருங்கள். ஆட்டமே இல்லாமலும் பேரிங் இரையும், அதனால் ‘ஆட்டம் இல்லை, பேரிங் நல்லது’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

முழுசாக வெட்டித் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் ட்ரைவ்ஷாஃப்ட் ஜாயிண்ட். தகரம் உரசுகிற சத்தம் திடீரென்று கிளம்பினால் டிஸ்க்குக்கும் அதன் பின் தகட்டுக்கும் நடுவே சரளைக்கல் மாட்டியிருக்கும். தோட்டத்து ரோட்டில் போய் வந்த பிறகு வருவது அதிகம் இதுதான், தகட்டை லேசாக விலக்கினால் கல் விழுந்துவிடும். இதற்கும் பேரிங் மாற்றியவர்கள் உண்டு.

இந்த மைவியின் கதை இன்னும் முடியவில்லை. வலது பேரிங்கை உண்மையாகவே மாற்றியிருந்தார்கள், ஆனால் சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தார்கள். ஆறு வாரத்தில் அது உறும ஆரம்பித்தது. நக்கலுக்குள் ஏற்றும்போது பிரஸ் (அழுத்தும் எந்திரம்) வெளிவளையத்தைத்தான் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தப்பான வளையத்தில் அழுத்தினால் பாரம் முழுதும் உள்ளே இருக்கும் குண்டுகள் வழியாகப் போகும். வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும், அங்கிருந்துதான் சத்தம். ஹைட்ராலிக் பிரஸ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பிரஸ் எங்கே என்று கேளுங்கள், காட்டட்டும்.

வாங்கும்போது: பெயர் மாற்றத்துக்கான புஸ்பகோம் வாகனச் சோதனையில் பாஸ் என்றால் சக்கரம் சத்தம் போடாது என்று அர்த்தமில்லை. டயர் ஓரத்தில் டாட் (DOT) எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2315 என்றால் 2015-இன் 23-ஆம் வாரம். இந்தக் காடியின் பின் டயர்கள் 2014-இல் செய்தவை.

பின் டயர் 2, பின் அப்சோர்பர் 2, அலைன்மெண்ட். அந்த ‘ஊம்ம்ம்’ அன்றே போய்விட்டது. முன்பே கொடுத்த 1,260 வெள்ளிக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போகிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், போல்ட் துருவின் படங்கள், அந்த முழுப் பேரிங் மூன்றும் ஒரே பையில் இருக்கின்றன.